கூலியைக் குறைத்தால் வேலை நிற்குமா?



பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்தியவளுக்கு கம்ப்யூட்டர் வேலையைப் பற்றி எழுத என்ன தகுதி என்று சகோதரிகள் கேட்கலாம். அந்தச் சம்பளத்தை நம்பி நடந்த வீட்டில் பிறந்தவள் என்பதுதான் என் தகுதி.

என் தம்பி சென்னையில் எட்டு வருஷம் சாப்ட்வேர் வேலை பார்த்தான். வேலை செய்தது ஒரு பெரிய கம்பெனிக்கு; சம்பளம் கொடுத்தது நடுவில் இருந்த ஏஜென்சி. அதாவது காண்ட்ராக்ட். 2025 ஆடி மாதம், "இந்த மாதத்தோடு சரி" என்று ஒரு மெயில் வந்தது. லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஸ்ரீரங்கம் வந்து சேர்ந்தான். அம்மாவின் இரட்டை வடச் சங்கிலி அடகுக் கடைக்குப் போயிற்று. வீட்டுக் கடன் தவணை நமக்காகக் காத்திருக்குமா?

வந்த வாரமே, "அக்கா, பழைய சம்பளத்துல பாதிக்கு வர்றேன்னு நாலு ஏஜென்சிக்கு எழுதிப் போட்டுட்டேன்" என்றான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அன்று எங்களுக்குள் நடந்த வாக்குவாதத்தில் எனக்குப் புரிந்ததை எழுதுகிறேன்.

இந்த வேலை நம் நாட்டுக்கு வந்ததே இங்கே கூலி குறைவு என்பதால்தான். பழைய புரோகிராம்களில் வருஷத்தை இரண்டே இலக்கத்தில் எழுதியிருந்ததால், 2000-ம் ஆண்டு பிறந்தால் எல்லாம் குழம்பிவிடும் என்று உலகமே பயந்தது. அதைத் திருத்தும் வேலை இந்தியாவுக்கு மலை மலையாக வந்தது. 2000-ல் தரமணியில் டைடல் பார்க் திறந்தார்கள். பிறகு நம் நவல்பட்டிலும் எல்காட் ஐ.டி. பூங்கா வந்தது. பஞ்சப்பூர் டைடல் பூங்காவுக்கு 2025-ல் அடிக்கல் நாட்டினார்கள். நமக்குச் சந்தோஷம்தான்.

ஆனால் அங்கே வேலை இழந்தவர்களை நாம் நினைத்தோமா? 2015 ஜனவரியில், அமெரிக்காவில் ஆர்லாண்டோ டிஸ்னியில் சுமார் 250 கம்ப்யூட்டர் ஊழியர்களுக்கு வேலை போயிற்று. அவர்களில் பலர், தங்கள் இடத்துக்கு வந்த இந்தியர்களுக்கு வேலையைக் கற்றுக் கொடுத்துவிட்டுத்தான் வெளியே போனார்கள். அவர்கள் வீட்டிலும் தவணை இருந்திருக்கும்.

இப்போது அதே நிலைமை நம் வாசலுக்கு வந்திருக்கிறது. 2025 ஜூலையில் டி.சி.எஸ். சுமார் 12,000 பேரைக் குறைப்பதாகச் சொன்னது. நூற்றுக்கு 2 பேர். செப்டம்பரில் அமெரிக்க அரசு புதிய எச்-1பி விசா மனுவுக்கு 1 லட்சம் டாலர் கட்டணம் என்று அறிவித்தது. போதாக்குறைக்கு ஏ.ஐ. வந்து புரோகிராமைத் தானே எழுதிக் கொடுக்கிறது. சாப்பாடும் தூக்கமும் வேண்டாத மிஷினோடு கூலியில் போட்டி போட முடியுமா? தம்பி பாதிக்கு வந்தால் இன்னொருத்தன் கால்வாசிக்கு வருவான். அந்தப் பள்ளத்துக்கு அடியே கிடையாது.

எங்கள் தெரு டெய்லர் அக்காவைத்தான் அவனுக்கு உதாரணம் சொன்னேன். ரெடிமேட் ப்ளவுஸ் குவிந்தபோது அவரும் கூலியைக் குறைத்துப் பார்த்தார், கட்டுப்படி ஆகவில்லை. பிறகு கை தூக்க முடியாத பாட்டிக்கு ஏற்ற கழுத்து, பால் கொடுக்கும் பெண்ணுக்கு ஏற்ற ஹூக், சாயங்காலக் கல்யாணத்துக்குக் காலையில் ஆல்டரேஷன் என்று மாறினார். இன்றைக்கு அவரிடம் துணி கொடுத்தால் பத்து நாள் ஆகிறது. ஒரே மாதிரி தைக்கிற வேலை எந்த ஊருக்கும் போகும். ஆளைப் பார்த்து, கேட்டுக் கேட்டுச் செய்கிற வேலை பக்கத்தில் இருப்பவரிடம்தான் நிற்கும்.

சாப்ட்வேரிலும் அதுதான் கதை என்று தம்பியே கடைசியில் ஒத்துக்கொண்டான். காகிதத்தில் முழுசாக எழுதிக் கொடுக்க முடிகிற வேலை வெளிநாட்டுக்கோ மிஷினுக்கோ போய்விடும். என்ன வேண்டும் என்று வாடிக்கையாளருக்கே தெளிவாகச் சொல்லத் தெரியாத வேலைதான் மிஞ்சும்.

இப்போது காந்தி மார்க்கெட்டில் ஒரு காய்கறி மண்டிக்குக் கணக்கு புரோகிராம் செய்து கொடுக்கிறான். விடியற்காலை நாலு மணிக்குப் போய் உட்கார்ந்தான். ஏற்றுக் கூலி, இறக்குக் கூலி, சாக்கு எடை, விவசாயி முன்னாடியே வாங்கிய பணம், கமிஷன் என்று முதலாளி மனசிலேயே கழித்துக்கொள்கிற கணக்கு எந்தக் காகிதத்திலும் இல்லை. பக்கத்தில் இருந்து பார்த்ததால்தான் பிடிபட்டது. அதைப் பார்த்து இன்னொரு மண்டிக்காரர் கேட்டிருக்கிறார். வருமானம் பழையதில் பாதிகூட இல்லை. சங்கிலி இன்னும் அடகில்தான் இருக்கிறது. ஆனால் இந்த வேலையை ஒரு மெயிலில் பறிக்க முடியாது.

இன்னொரு பாடமும் நம் ஊரிலேயே இருக்கிறது. திருவெறும்பூர், துவாக்குடி பக்கம் பெல் ஆர்டரை மட்டும் நம்பி எத்தனையோ சிறு பட்டறைகள் இருந்தன. ஆர்டர் குறைந்ததும் அவை படுத்துவிட்டன. வெளி ஆர்டரும் பிடித்து வைத்திருந்தவர்களுக்குத்தான் தாக்குப்பிடிக்க வழி இருந்தது. காண்ட்ராக்ட் பிள்ளைகளுக்கும் ஒரே வாடிக்கையாளர் கூடாது.

நம் வீட்டுப் பெண்களும் கவனிக்க வேண்டியது உண்டு. காண்ட்ராக்ட் சம்பளத்தை நிரந்தரச் சம்பளம் என்று நினைத்துப் பெரிய கடன் வாங்க விடாதீர்கள். நாங்கள் செய்த தப்பு அது. ஆறு மாதச் செலவுக்குப் பணம் ஒதுக்கிய பிறகுதான் நகையோ வீடோ. வேலையில் சேரும்போதே, எத்தனை நாள் முன்னறிவிப்பு என்று எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள். 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டங்கள் நியமனக் கடிதம் கட்டாயம் என்கின்றன. எங்கள் வீட்டில் அந்தக் காகிதத்தை யாரும் படித்துப் பார்த்ததே இல்லை.

"பையனுக்கு எவ்வளவு சம்பளம்?" என்று கேட்பதோடு, "அவனுக்கு என்ன வேலை தெரியும், அது யாருக்குத் தேவை?" என்றும் கேட்கப் பழகுவோம்.

- ஒரு வாசகி, ஸ்ரீரங்கம்.