சனிக்கிழமை இரவு யார் கணக்கில்?

பெற்றோர் பிரிந்த வீட்டுப் பிள்ளை நம் ஆலோசனை அறைக்குள் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டுதான் வரும் என்று ஒரு நினைப்பு நமக்கு. பிப்ரவரியில் என்னிடம் அனுப்பப்பட்ட பதினொன்றாம் வகுப்பு மாணவன் (அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்) உட்கார்ந்ததும் சொன்னது: "நேத்து நூத்திப் பதினாலு முட்டை சார்." நக இடுக்கில் இன்னும் மணல்.

சென்னையில் 1988 முதல் மாணவர்கள் நடத்திவரும் கடலாமை நடையில் அவன் தொண்டன். நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே இரவெல்லாம் நடந்து, பங்குனி ஆமை ஊர்ந்த தடத்தைப் பிடித்து, குச்சியால் குத்திக் குழியைக் கண்டுபிடித்து, கையாலேயே தோண்டி, எண்ணி, பொரிப்பகத்தில் கொண்டுபோய்ப் புதைக்க வேண்டும். முட்டையிட்ட தாய் அப்போதே கடலுக்குப் போயிருக்கும். இதை வைத்து அவன் மனதைத் திறந்துவிடலாம் என்று எனக்குக் கை பரபரத்தது. "உங்க வீட்டு ஞாபகம் வருமா?" என்று கேட்டும்விட்டேன். "நடக்கவே நேரம் சரியா இருக்கும் சார்" என்றான். எனக்கு அது தேவைதான்.

உதவி செய்பவருக்கே அந்த உதவி மருந்தாகும் என்று ஃபிராங்க் ரீஸ்மன் 1965-இலேயே எழுதினார். அதற்காக, "போய் சேவை பண்ணு, மனசு லேசாகும்" என்று சீட்டு எழுதிக் கொடுக்க முடியாது. தம்பிக்குச் சோறூட்டி, அம்மாவின் அழுகையைக் கேட்டு, அப்பாவுக்குத் தூதுபோகும் பெண்ணையும் "பொறுப்பான பொண்ணு" என்றுதான் பாராட்டுகிறோம். பிள்ளையே பெற்றோராகிவிடும் அந்த நிலையை போசோர்மெனி-நாகி 1973-இல் விரிவாக எழுதினார். தொண்டா, சுமையா என்று பிரித்தறிய நான் கேட்பது ஒரே கேள்வி: இன்றைக்கு லீவு போட முடியுமா? கடற்கரைக்குப் போடலாம். அந்தப் பெண்ணால் வீட்டுக்குப் போட முடியாது.

இவனுடைய சிக்கல் வேறு. நீதிமன்ற ஏற்பாட்டின்படி சனி மாலை முதல் ஞாயிறு மாலை வரை அப்பாவுடன் இருக்க வேண்டும். அவனுடைய நடை சனி இரவு. மகன் வராததைப் பார்த்து, அம்மாதான் தூண்டிவிட்டாள் என்றார் அப்பா. என்னைப் பழிவாங்க அவன் படிப்பைக் கெடுக்கிறார் என்றார் அம்மா. உனக்கு எந்த நாள் வசதி என்று அவனை இருவரும் கேட்கவில்லை. வழக்கறிஞர்களும் கேட்கவில்லை. இரண்டு மாதம் கழித்துத்தான் நானே கேட்டேன். சீசன் முடியும்வரை ஞாயிறு காலையிலிருந்து வருகிறேன் என்றான். அப்பா முணுமுணுத்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்.

விவரம் தெரிந்த வயதுப் பிள்ளையின் விருப்பத்தை நீதிமன்றம் கருத்தில் கொள்ளலாம் என்று 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டம் 17(3)-ஆம் பிரிவிலேயே சொல்கிறது. நடைமுறையில் அந்த விருப்பம் "அப்பாவா, அம்மாவா" என்பதோடு நின்றுவிடுகிறது. எல்லா நாளையும் பெரியவர்கள் பங்குபோட்டுக்கொண்ட ஒரு காலண்டரில், தானே குறித்துக்கொண்ட ஒரே தேதி அவனுக்கு அந்தச் சனிக்கிழமைதான்.

குடும்பநல நீதிமன்றத்துக்கோ பெற்றோருக்கோ அடுத்து நீங்கள் அறிக்கை எழுதும்போது, பிள்ளை எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, எங்கே போகிறது என்பதையும் கேட்டு ஒரு வரி சேர்த்து அனுப்புங்கள்.