குளிர்ந்த பக்கம் எங்கே?



மொட்டைமாடிச் சூட்டில் ஒரு தகட்டை ஒட்டினால் வீடு முழுக்க இலவச மின்சாரம் என்று ஒரு வீடியோ நான்கு நாட்களாக நம் குழுக்களில் சுற்றுகிறது. "அரசாங்கம் மறைக்கும் ரகசியம்" என்று தலைப்பு வேறு. அனுப்பியவர்களில் பாதிப் பேர் என்னிடம் அறிவியல் படித்தவர்கள். முன்பணம் கட்டலாமா என்று இரண்டு பேர் கேட்டும் விட்டார்கள். இனியும் சும்மா இருக்க முடியாது.

இதில் ரகசியம் ஒன்றும் இல்லை. இரண்டு வேறு உலோகங்களை இணைத்து ஒரு சந்தியை மட்டும் சூடாக்கினால் என்ன ஆகும் என்று சீபெக் 1821இலேயே கண்டுவிட்டார். இருநூறு வருடமாக உலகம் அறிந்ததை யார் மறைப்பது?

வீடியோக்காரர்தான் ஒன்றை மறைக்கிறார். சூடு மட்டும் மின்சாரம் தராது. ஒரு பக்கம் சூடு, மறுபக்கம் குளிர்ச்சி வேண்டும். குளத்தில் எவ்வளவு தண்ணீர் கிடந்தாலும் சக்கரம் சுற்றாது. மேலிருந்து விழுந்தால்தான் சுற்றும். வெப்பமும் அப்படித்தான். 1824இல் கார்னோ இதற்கு ஒரு எல்லை உண்டென்று காட்டினார். கணக்குப் போடுங்கள்: மாடித்தளம் 60 டிகிரி, கீழே அறை 35 டிகிரி. கெல்வினில் 333, 308. வித்தியாசம் 25. அதை 333ஆல் வகுத்தால் நூற்றுக்கு ஏழரை. எந்தக் கருவியும் இதைத் தாண்டாது. இந்தத் தகடு அதிலும் சிறு பங்குதான் தரும்.

"எல்.இ.டி. எரிகிறதே சார்?" எரியும். அதற்கு ஒரு வாட்டில் சிறு துளி போதும். சாதாரண மின்விசிறிக்கே 70 வாட் வேண்டும்.

1977இல் கிளம்பிய வாயேஜர் விண்கலத்தில் இதே தத்துவம்தான். புளூட்டோனியத்தின் கடும் சூடு ஒரு பக்கம், விண்வெளிக் குளிர் மறுபக்கம். அப்படியும் சுமார் 7,000 வாட் வெப்பத்திலிருந்து கிடைத்தது ஏறக்குறைய 470 வாட். நெய்வேலியில் அத்தனை பெரிய கோபுரங்கள் எதற்கு? நீராவியைக் குளிர்விக்கத்தான். நிலக்கரியின் வெப்பத்தில் பாதிக்கு மேல் வீணாகத்தான் போகிறது. அங்கே வேலை பார்க்கும் பொறியாளர்களுக்குத் தெரியாததா இவருக்குத் தெரிந்துவிட்டது?

மாடி வெயிலைப் பயன்படுத்த ஆசையா? சோலார் பேனல் போடுங்கள். அது ஒளியை மின்சாரமாக்குகிறது. சூடு ஏறினால் அதன் உற்பத்தி குறையத்தான் செய்யும்.

அடுத்த வீடியோ வந்தால் ஒரே கேள்வி கேளுங்கள்: குளிர்ந்த பக்கம் எங்கே? பதில் இல்லையென்றால் பகிராதீர்கள், பணமும் கட்டாதீர்கள்.