கையெழுத்தை மட்டும் போட்டுட்டுப் போங்க சார்!

பழைய கார் கடையில் கணக்கு எழுதுகிறேன் என்று சொன்னால் தில்லித் தமிழர்கள் முகத்தில் ஒரு சின்ன மாற்றம் வரும். மலை மந்திர் பிரசாத வரிசையில் பலமுறை பார்த்தாச்சு. "ஓ... புரோக்கர் லைனா?" அப்புறம் குரலைத் தாழ்த்தி, "மீட்டரைத் திருப்பி விடுவாங்களாமே, நிஜமா?" என்று ஒரு கேள்வி. இதே ஆட்கள் அடுத்த மாதம் போன் போட்டு, "நம்ம ஆளுதானே, நல்ல ஸ்விஃப்ட் வந்தா எடுத்து வைங்க, கொஞ்சம் பார்த்துப் போட்டுக் குடுங்க" என்பார்கள். அது இருக்கட்டும். என் கோபம் அதில் இல்லை. எல்லாரும் அந்த மீட்டரையே பிடித்துக்கொண்டு தொங்குகிறார்களே, அதில்தான்.

மீட்டர் திருப்புவது உண்டுங்க. மறுக்கவில்லை. ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கிற சாக்கெட்டில் ஒரு கருவியைச் செருகினால் வேலை முடிந்தது. ஆனால் அதைக் கண்டுபிடிக்க நீங்கள் மெக்கானிக்காக இருக்க வேண்டியதில்லை. கம்பெனி சர்வீஸ் சென்டரில் செய்த ஒவ்வொரு சர்வீஸுக்கும் அன்றைக்கு எத்தனை கிலோமீட்டர் என்று பதிவு இருக்கும். மீட்டர் 30,000 காட்டுகிறது, பிரேக் பெடல் ரப்பர் வழுவழு என்று தேய்ந்திருக்கிறது என்றால் சின்னப் பையனுக்கே புரியும். பானெட் போல்ட்டில் ஸ்பேனர் பட்ட தழும்பு, எல்லாக் கண்ணாடியிலும் ஒரே வருஷக் குறி இருக்கிறதா, சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தால் சேற்றுக் கறை தெரிகிறதா (தெரிந்தால் வண்டி வெள்ளத்தில் நின்றது)... இதெல்லாம் குனிந்து பார்த்தால் கண்ணில் படுகிற திருட்டு. படாத திருட்டு காகிதத்தில் நடக்கிறது. அதைப் பற்றி மலை மந்திர் வரிசையில் இதுவரை ஒருத்தர்கூட என்னிடம் கேட்டதில்லை.

நான் முதலில் வேலை பார்த்த கடையில் (பெயர் வேண்டாம், இப்போது அந்தக் கடையே இல்லை) முதலாளி நாற்காலிக்குப் பின்னால் ஒரு ஸ்டீல் பீரோ. சாவி எப்போதும் அவர் பேன்ட் பாக்கெட்டில். உள்ளே கட்டுக்கட்டாகப் படிவம் 29, படிவம் 30. ஒன்று வண்டியை விற்றுவிட்டேன் என்று ஆர்டிஓவுக்குச் சொல்வது, இன்னொன்று பெயர் மாற்றம் கேட்பது. எல்லாவற்றிலும் விற்றவர் கையெழுத்து இருக்கும். வாங்கியவர் பெயர் இருக்காது. தேதி இருக்காது. கூடவே ஆதார் நகல், பான் நகல், ரெண்டு போட்டோ. "கையெழுத்தை மட்டும் போட்டுட்டுப் போங்க சார், மத்ததை நாங்க பார்த்துக்கறோம்" என்று ஹிந்தியில் தேன் தடவிச் சொல்லுவார். படித்தவர்கள், பெரிய பெரிய ஆபீசர்கள், காப்பி... மன்னிக்கவும், சாய் குடித்துக்கொண்டே போட்டுவிட்டுப் போவார்கள். வீட்டு வாடகை ஒப்பந்தத்தை நாலு தடவை படிக்கிற ஆட்கள்!

இது ஏதோ சோம்பேறித்தனம் என்று நினைத்துவிடாதீர்கள். இதற்குப் பின்னால் சுத்தமான கணக்கு இருக்கிறது. கணக்கு எழுதுகிறவன் சொல்கிறேன், கேட்டுக்கோங்க.

நீங்கள் விற்ற வண்டியைக் கடைக்காரர் தன் பெயருக்கு மாற்றினால் ஆர்சியில் உரிமையாளர் எண்ணிக்கை ஒன்று கூடும். ஒரு கை மாறிய வண்டி இரண்டு கை மாறிய வண்டி ஆகிவிடும், விலை இறங்கும். இது கடைக்காரர்கள் வெளியே சொல்கிற காரணம், இதில் கொஞ்சம் நியாயமும் இருந்தது. சொல்லாத காரணம் வேறே. காலிப் படிவத்தில் வண்டி உங்கள் பெயரிலிருந்து நேராக வாங்குகிறவர் பெயருக்குப் போகும். நடுவில் கடை என்று ஒன்று இருந்ததற்கே காகிதத்தில் சாட்சி இல்லை. வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு ஜிஎஸ்டி கட்ட வேண்டும், 2025 ஜனவரி 16 முதல் எல்லா வகைக் காருக்கும் அது 18 சதவீதம். (இந்த அறிவிப்பு வந்த 2024 டிசம்பரில், "என் காரை நஷ்டத்துக்கு வித்தாலும் 18 சதவீதம் கட்டணுமாமே" என்று எத்தனை போன்! ஐயா, அது எங்கள் லாபத்தின் மேல் உள்ள வரி. தனி ஆள் தன் காரை விற்பதற்கு அது கிடையாது.) கடை நடுவில் இல்லவே இல்லை என்றால் லாபம் ஏது, வரி ஏது? அதைவிட முக்கியம், கடை வாசலில் நிற்கிற வண்டியை ஒரு பையன் ட்ரையல் காட்ட எடுத்துப் போய் யார் மேலாவது ஏற்றினால் அந்த வண்டி யாருடையது? உங்களுடையது. லாபம் அவருக்கு, சலானும் சம்மனும் உங்களுக்கு.

மிகைப்படுத்துகிறேன் என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு தீர்ப்பு. 2007-ல் ஒருவர் தன் காரை விற்றார். வாங்கியவர் இன்னொருவருக்கு விற்றார், அவர் இன்னொருவருக்கு. யாரும் ஆர்சியில் பெயர் மாற்றவில்லை. 2009-ல் விபத்து. நஷ்டஈடு யார் கொடுப்பது என்று வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2018 பிப்ரவரி 6-ல் தீர்ப்பு: ஆர்சியில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர், அவர்தான் பொறுப்பு. வண்டியை விற்று, பணத்தை வாங்கி, சாவியைக் கொடுத்து வருஷங்கள் ஆனாலும் சரி. அதில் நியாயம் இருக்கத்தான் செய்கிறது. அடிபட்டவன் யார் யாரிடம் வண்டி கை மாறியது என்று ஊர் ஊராகத் தேடிக்கொண்டு அலைய முடியுமா?

எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர். ஜனக்புரியில் இருபத்தைந்து வருஷம் குடியிருந்து, மத்திய அரசு வேலையில் ஓய்வு பெற்று திருச்சி போனவர். கிளம்புவதற்கு முன்னால் வண்டியை விற்க என்னிடம்தான் வந்தார். நான் பெயர் மாற்றத்துக்கான காகிதம், இரண்டு நாள் ஆகும் என்றேன். வேறொரு கடையில் பதினைந்தாயிரம் கூடக் கொடுத்தார்கள், அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. "தம்பி, உங்க ஆளுங்க ரொம்பச் சட்டம் பேசறீங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு ஜிடி எக்ஸ்பிரஸ் ஏறினார். மூன்று மாதத்தில் முதல் சலான், வேகமாகப் போனதற்கு. பிறகு சிக்னல் தாண்டியதற்கு. "சார், உடனே ஆர்டிஓவுக்கு எழுதுங்க" என்றேன். "யாரு தம்பி அங்கெல்லாம் அலையறது, சின்னத் தொகைதானே" என்று கட்டிவிட்டார். இரண்டாவது வருஷம் ஹரியானாவிலிருந்து மோட்டார் விபத்து தீர்ப்பாயத்தின் நோட்டீஸ். ஒரு ஆள் கால் போய்விட்டது. இன்சூரன்ஸ் அதற்குள் காலாவதி. விற்ற கடையின் போன் நம்பர் உபயோகத்தில் இல்லை. எழுபது வயதுக்கு மேல், பை நிறைய மாத்திரையோடு, ரயில் ஏறி வந்து வாய்தாவுக்கு நிற்கிறார். விற்றதற்கு அவரிடம் இருக்கிற ஒரே அத்தாட்சி வங்கிக் கணக்கில் வந்த தொகை. அதிலும் அனுப்பியவர் பெயர் கடையின் பெயர் இல்லை.

2025 நவம்பர் 10 மாலை செங்கோட்டை மெட்ரோ நிலையம் பக்கத்தில் வெடித்த காரும் பல கை மாறிய பழைய கார்தான். ஆர்சியில் பெயர் இருந்தவர் வீட்டுக்குத்தான் போலீஸ் முதலில் போனது. வேறு எங்கே போவார்கள்? அவர்கள் கையில் இருப்பது நம்பர் பிளேட்டும் ஆர்சியும். அன்றைக்கு ராத்திரி தங்கள் பழைய காரை நினைத்துத் தூக்கம் வராமல் புரண்டவர்கள் இந்த ஊரில் எத்தனை பேரோ. எனக்கே ஏழெட்டு போன் வந்தது.

சரி, அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லையா? செய்தது. 2022 டிசம்பரில் மத்திய மோட்டார் வாகன விதிகளைத் திருத்தினார்கள், 2023 ஏப்ரல் 1 முதல் அமல். பழைய வண்டி விற்கிற கடை ஆர்டிஓவிடம் அங்கீகாரம் வாங்க வேண்டும். நீங்கள் வண்டியை ஒப்படைத்ததும் படிவம் 29சி போர்ட்டலில் ஏற வேண்டும். அதிலிருந்து அந்த வண்டிக்குக் கடைக்காரரே உரிமையாளராகக் கருதப்படுவார். ட்ரையல், ரிப்பேர் என்று வண்டி வெளியே போனால் பதிவேட்டில் எழுத வேண்டும். உரிமையாளர் எண்ணிக்கை கூடிவிடும் என்று அவர்கள் சொல்லிக்கொண்டிருந்த சாக்குக்கும் இதில் வழி பிறந்துவிட்டது. அப்புறம் ஏன் இன்னும் பீரோ காலியாகவில்லை? மேலே சொன்ன இரண்டாவது கணக்கைத் திரும்பப் படியுங்கள். என் இப்போதைய முதலாளி அங்கீகாரம் எடுத்துவிட்டார், நான் ஆறு மாதம் நச்சரித்த பிறகு. அதற்கு எனக்குக் கிடைத்த பட்டம் "மதராசி வக்கீல்".

எல்லாப் பழியையும் கடைக்காரன் தலையில் கட்டிவிட்டு நீங்கள் நழுவ முடியாது. காலிப் படிவம் கேட்கிறவன் ஒருத்தன் என்றால் போடுகிறவர் நீங்கள். வாங்குகிற பக்கமும் லேசுப்பட்டதில்லை. "இன்னும் ஒரு வருஷத்துல ஊருக்கு மாத்தல் ஆயிடும், அதுவரைக்கும் பழைய பேர்லயே ஓட்டறேனே" என்று நம்மவர்களே கேட்கிறார்கள். விற்றவர் 14 நாளில் (வாங்குபவர் வேறு மாநிலம் என்றால் 45 நாளில்) தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளில் தெரிவிக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டம் 50-வது பிரிவு சொல்கிறது. தில்லி வண்டியைச் சென்னைக்குக் கொண்டு போய் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்யணும். இதையெல்லாம் சொன்னால், "நீங்க என்னங்க, கடைக்காரரா, போலீஸா?"

தில்லியில் இன்னொரு வினை, பயம். 10 வருஷ டீசல் வண்டி கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் சொன்னது. அதையும் 15 வருஷப் பெட்ரோல் வண்டிக்கான தடையையும் 2018-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2025 ஜூலை 1-ந் தேதி அப்படிப்பட்ட வண்டிகளுக்குப் பங்கில் எண்ணெயே கிடையாது என்றார்கள், சில நாளிலேயே நிறுத்தி வைத்தார்கள். ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் நடவடிக்கை வேண்டாம் என்றது. டிசம்பரில் அந்தச் சலுகை பிஎஸ்-4-ம் அதற்கு மேற்பட்டதும்தான் என்று திருத்தியது. ஒவ்வொரு செய்திக்கும் ஒரு கூட்டம் கரோல் பாக்குக்கு ஓடி வரும். அந்த ஜூலை முதல் வாரம் மாதிரி நான் பார்த்ததில்லை. கேட்ட விலைக்குக் கொடுத்தார்கள், நீட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டார்கள். பீரோக்காரர்களுக்கு அதுதான் தீபாவளி. நம்ம ஊர் ஆடி மாதிரி இங்கே ஷ்ராத் பட்சத்தில் பதினைந்து நாள் கடையில் ஈ ஓட்டுவோம், அந்த நஷ்டத்தை முன்கூட்டியே ஈடு கட்டிவிட்டார்கள்.

இன்னொன்றும் சொல்லணும். கடையில் வண்டி துடைத்து, செத்த பேட்டரிக்கு ஒயர் கொடுத்து ஸ்டார்ட் பண்ணி, டெலிவரிக்கு ஓட்டிப் போகிற பையன்கள் பீகாரிலிருந்தும் கிழக்கு உத்தரப் பிரதேசத்திலிருந்தும் வந்தவர்கள். அடிப்படைச் சம்பளம் சொற்பம், மிச்சம் வண்டிக்கு இவ்வளவு என்று. காலிப் படிவ வண்டியில் ஏதாவது ஆகிப் போலீஸ் கடைக்கு வந்தால் முதலாளி கல்யாணத்துக்குப் போயிருப்பார். கூட்டிப் போவது இந்தப் பையன்களைத்தான். எங்கள் பக்கத்துக் கடைப் பையன் ஒருத்தன் அப்படி இரண்டு நாள் ஸ்டேஷனில் இருந்துவிட்டு வந்து வேலையை விட்டே போய்விட்டான். நீங்கள் சாய் குடித்துக்கொண்டே போட்ட கையெழுத்து அவன் வரைக்கும் போகிறது.

ஆக, விற்கும்போது முதலில் கடையின் அங்கீகாரச் சான்றிதழைக் கேளுங்கள், படிவம் 29பி. அதுவே இல்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள். இருந்தால் 29சி ஏறிய ஒப்புகையைக் கையில் வாங்கிய பிறகு சாவியைக் கொடுங்கள். தனி ஆளுக்கு விற்றால் பெயர், தேதி, நேரம் எல்லாம் நிரப்பிய பிறகே கையெழுத்து, ஒரு நகலை நீங்களே ஆர்டிஓவுக்கு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். பணம் வங்கி வழியாக, வாங்குபவர் கணக்கிலிருந்தே. இன்சூரன்ஸில் உள்ள நோ கிளெய்ம் போனஸ் உங்களுடையது, வண்டியுடையது அல்ல, அதற்கான சான்றிதழை மறக்காமல் கேட்டு வாங்குங்கள். ஒரு மாதம் கழித்து எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைத் தட்டிப் பாருங்கள். பெயரை அங்கங்கே நட்சத்திரம் போட்டு மறைத்திருக்கும், ஆனாலும் நம்ம பெயர் நமக்குத் தெரியாதா? இன்னும் உங்கள் பெயரே இருந்தால் அன்றைக்கே கடைக்குப் போன் போடுங்கள். எடுக்கவில்லையா, நேரில் போங்கள். திங்கட்கிழமை மட்டும் வேண்டாம், கரோல் பாக்கில் கடைகளுக்கு அன்றைக்கு லீவு.