பேர் சொல்லும் பிள்ளை: ஏகாம்பரம்



போன வாரம் ஒரு மத்தியானம், பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு அப்பாடா என்று உட்கார்ந்தேன். எதிர்வீட்டுப் பெண் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு உள்ளே வந்தாள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருக்கிறாள். ஆண் குழந்தை; பிறந்து 20 நாள்கூட ஆகவில்லை. "பச்சை உடம்போடு வெளியே போகாதே" என்று அவள் ஆயா வாசலிலிருந்து சத்தம் போடுவதையும் காதில் வாங்காமல் வந்திருக்கிறாள். பார்த்தால் கண்ணெல்லாம் சிவந்து கிடக்கிறது.

"பெரியம்மா, அவங்க வீட்டுல குழந்தைக்கு ஏகாம்பரம்னுதான் பேர் வைக்கணுமாம். மாமனார் பேராம். இந்தக் காலத்துல யாராவது இப்படி வைப்பாங்களா? பள்ளிக்கூடத்துல பிள்ளைங்க கேலி பண்ண மாட்டாங்களா?" என்றாள்.

என்னைத் தேடி வந்ததற்குக் காரணம் இருக்கிறது. என் பிள்ளையின் பெயரும் ஏகாம்பரம்தான். அவனுக்கு இப்போது 22 வயது. "வேண்டாம்மா, விட்டுடு" என்று நான் சொல்வேன் என்று நினைத்துத்தான் வந்திருப்பாள். நான் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வை என்றும் சொல்லவில்லை. ஒரு டம்ளர் பால் காய்ச்சிக் கொடுத்து உட்காரவைத்து, எனக்குத் தெரிந்ததையும் நான் பட்டதையும் சொன்னேன். அதையேதான் இந்தத் தடவை உங்களுக்கும் எழுதுகிறேன்.

முதலில் பொருளைப் பார்ப்போம். எங்கள் பிள்ளையார்பாளையத்தில் தறிக்காரர்கள் பலர், 'ஏகம் என்றால் ஒன்று, அம்பரம் என்றால் துணி; ஒரே துணி உடுத்தினவர்' என்று சொல்வார்கள். நெசவாளர் வாயில் துணிதானே முதலில் வரும்! அம்பரம் என்றால் ஆகாயம் என்றும் அர்த்தம் இருப்பதால், 'ஒரே ஆகாயம்' என்பவர்களும் உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பெயர் பிறந்த இடம் துணியும் இல்லை, ஆகாயமும் இல்லை, ஒரு மாமரம். வடமொழியில் ஆம்ரம் என்றால் மா. ஏக ஆம்ரம் என்றால் ஒற்றை மாமரம். அதுதான் பேச்சில் ஏகாம்பரம் ஆயிற்று. அந்த ஒற்றை மாமரத்தின் கீழ் இருக்கிறவர் ஏகாம்பரநாதர்.

கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். அம்பாள் இந்த மாமரத்தடியில் மணலால் லிங்கம் பிடித்து வைத்துப் பூஜை செய்தாள். அவளைச் சோதிக்க, கம்பை ஆற்றில் வெள்ளம் வந்தது. தன் உயிரைப் பற்றிக் கவலைப்படாமல், மணல் கரைந்துவிடுமே என்று லிங்கத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள். சுவாமி குழைந்துபோனார். அதனால் அவருக்குத் 'தழுவக் குழைந்தவர்' என்று ஒரு பெயர். பஞ்சபூத ஸ்தலங்களில் இது மண்ணுக்கு உரியது. மணல் லிங்கம் என்பதால் இன்றைக்கும் லிங்கத்தின் மேல் தண்ணீர் ஊற்றி அபிஷேகம் செய்வதில்லை. மாமரத்துக்கு வயது 3,500 என்றும், நாலு கிளையும் நாலு வேதம், அதனால் பழத்துக்கும் நாலு ருசி என்றும் இங்கே பெரியவர்கள் சொல்வார்கள். அம்மன் பெயர் ஏலவார்குழலி. பெண் குழந்தைக்கு அழகான தமிழ்ப் பெயர் தேடுகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

பெயர் எவ்வளவு பழசு தெரியுமா? 7-ஆம் நூற்றாண்டில் அப்பரும் சம்பந்தரும் பாடிய தேவாரத்திலேயே இருக்கிறது. அங்கே ஊர் கச்சி, கோயில் ஏகம்பம், சுவாமி ஏகம்பன். கண் பார்வை இழந்து வந்த சுந்தரருக்கு இடக்கண் பார்வை திரும்பக் கிடைத்தது இந்தச் சந்நிதியில்தான் என்பது பெரியபுராணக் கதை. கோயிலின் பெரிய ராஜகோபுரம் 1509-ல் கிருஷ்ணதேவராயர் கட்டியது. சுமார் 190 அடி உயரம். பிற்பாடு முத்துசுவாமி தீட்சிதர் இந்தச் சுவாமிமேல் பைரவி ராகத்தில் பாடிய கீர்த்தனையில் 'மாகந்தம்' என்று வருகிறதே, அதற்கும் மாமரம் என்றுதான் பொருள்.

நம் ஊருக்கு மட்டும் சொந்தமான பெயர் என்றும் நினைக்க வேண்டாம். சென்னை தங்கசாலைத் தெருவில் ஓர் ஏகாம்பரேசுவரர் கோயில் இருக்கிறது. ஆந்திராவில் நகரிப் பக்கம் ஏகாம்பரகுப்பம் என்றே ஓர் ஊர் இருக்கிறது. அவ்வளவு ஏன், ஒடிசாவில் லிங்கராஜர் கோயில் இருக்கும் புவனேசுவரத்துக்குப் பழைய பெயர் ஏகாம்ர க்ஷேத்திரம். அங்கேயும் ஒற்றை மாமரம்தான்!

இத்தனை பெருமை இருந்தும் இன்றைக்கு இந்தப் பெயரை வைப்பவர்கள் எத்தனை பேர்? நான் கல்யாணமாகி வந்த புதிதில் எங்கள் தெருவில் ஏகாம்பரம் என்று கூப்பிட்டால் நாலு வீட்டிலிருந்து பதில் வரும். பாவு ஏகாம்பரம், சைக்கிள் ஏகாம்பரம், குட்டை ஏகாம்பரம் என்று அடைமொழி போட்டுத்தான் பிரிக்க வேண்டும். இன்றைக்கு அதே தெருவில் பால்வாடிக்குப் போகும் குழந்தைகளில் ஓர் ஏகாம்பரம்கூட இல்லை. எல்லாம் இரண்டு எழுத்து, மூன்று எழுத்துப் பெயர்கள். போதாததற்கு எண் கணிதம் வேறு.

பழைய பெயர்கள் போனதற்கு நாகரிகத்தை மட்டும் குற்றம் சொல்கிறோம். நான் அப்படி நினைக்கவில்லை. பாதிக் குற்றம் நம்முடையது. எப்படி என்று சொல்கிறேன்.

என் மாமனார் கோர்வைத் தறி நெய்தவர். என் பிள்ளை பிறப்பதற்கு முந்தின வருஷம் தவறிப்போனார். பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்ததுதான். தாத்தாவின் பெயரைத் தாங்குகிறவன். அதனால் வேறு பெயரைப் பற்றி யோசிக்கவே இல்லை. தொட்டில் போட்ட அன்று என் வீட்டுக்காரர்தான் குழந்தையின் காதில் மூன்று தரம் பெயரைச் சொன்னார்.

அதோடு சரி! என் மாமியார் புருஷன் பெயரை வாயால் சொல்ல மாட்டார். சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று சின்ன வயதில் சொல்லி வளர்த்தது. ரிக்ஷாக்காரரிடம்கூட, "பெரிய காஞ்சிபுரம் மாமரத்துச் சாமி கோயிலுக்கு விடுப்பா" என்பாரே தவிர, கோயில் பெயர் வராது. மாமனார் பெயரை நான் சொல்லலாமா? அதுவும் வாடா போடா என்று? ஆகவே வீட்டிலிருந்த இரண்டு பெண்களும் அந்தப் பிள்ளையை ராஜா, கண்ணு, தம்பி என்று என்னென்னவோ சொல்லிக் கூப்பிட்டோம். வைத்த பெயரைச் சொல்லி மட்டும் கூப்பிடவில்லை.

ஒன்றாம் வகுப்பில் முதல் நாள் டீச்சர் வருகைப் பதிவு எடுத்திருக்கிறார். "ஏகாம்பரம்... ஏகாம்பரம்..." என்று இரண்டு தரம் கூப்பிட்டும் இவன் பேசாமல் உட்கார்ந்திருக்கிறான். தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று தெரியவில்லை! வராதவன் என்று போட்டுவிட்டார்கள். வீட்டுக்கு வந்து சொன்னபோது எல்லோரும் சிரித்தோம். அன்றைக்கே யோசித்திருக்க வேண்டும்.

எட்டாவது, ஒன்பதாவது போனதும் கேலி ஆரம்பித்தது. பையன்கள் "பெரிசு" என்றும் "தாத்தா" என்றும் கூப்பிட்டார்களாம். பத்தாவது பரீட்சைக்குப் பெயர் எழுதிக் கொடுக்கும் சமயம். "சர்டிபிகேட்ல ஏறுறதுக்கு முன்னாடி பேரை மாத்திடுங்கம்மா" என்றான். தாத்தா பேர்டா, அந்தப் பேருக்கு என்ன குறைச்சல் என்று நான் மாமரத்தில் ஆரம்பித்துக் கோபுரம் வரைக்கும் சொல்லிப் பார்த்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"அவ்வளவு நல்ல பேருன்னா, நீங்களும் ஆயாவும் ஒரு நாளாவது அந்தப் பேரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டிருக்கீங்களா? எனக்கு அது பள்ளிக்கூடத்துல திட்டு வாங்குறப்ப மட்டும் கேக்குற பேரு."

எனக்கு வாயடைத்துப்போயிற்று. கூடத்தில் மாமியார் பிணைப்பு வேலையில் உட்கார்ந்திருந்தார். தறியில் பழைய பாவு தீர்ந்ததும், அதன் நுனியோடு புதுப் பாவை இழை இழையாகப் பிணைக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழை, ஒன்றை விட்டாலும் துணியில் தெரியும். கை நின்றது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. "தாத்தாதான் போயிட்டாரே ஆயா, இனிமே எந்த ஆயுசு குறையப் போகுது?" என்று அவன் கேட்டதற்கும் பதில் இல்லை. மனசு நொந்துவிட்டார் என்று நான் அவனைக் கண்ணால் அதட்டினேன்.

அன்று ராத்திரி தட்டு வைத்தாயிற்று. அவன் கோபத்தில் மாடியில் இருந்தான். மாமியார் மாடிப்படியடியில் போய் நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஏகாம்பரம்... சாப்பிட வாடா" என்றார். 50 வருஷத்துக்கு மேல் சொல்லாத பெயர். குரல் நடுங்கிற்று. சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிள்ளை இறங்கி வந்து பேசாமல் உட்கார்ந்து சாப்பிட்டான். மறுநாளிலிருந்து நானும் கூப்பிடப் பழகினேன். முதல் பத்து நாள் நாக்கு கூசிற்று, அப்புறம் சரியாகிவிட்டது.

அவன் பெயரை மாற்றவில்லை. அதற்காக அந்தப் பெயரைத் தலைமேல் தூக்கி வைத்துக் கொண்டாடினான் என்றும் சொல்ல மாட்டேன். சிநேகிதர்களுக்கு இன்றைக்கும் அவன் 'ஏகா'தான். மாமியார் போய் மூன்று வருஷமாகிறது. கடைசி நாட்களில் அவர் அதிகம் சொன்ன பெயர் இவன் பெயர்தான். பேரனைக் கூப்பிட்டாரா, தாத்தாவைக் கூப்பிட்டாரா என்று எங்களுக்குத் தெரியாது.

எதிர்வீட்டுப் பெண்ணிடம் நான் முடிவாகச் சொன்னது இதுதான்: "கூப்பிடுறதா இருந்தா வை. கூப்பிட மாட்டேன்னா வைக்காதே. சுவரில் மாட்டுற படத்துக்கு வைக்கிற மாதிரி பிள்ளைக்குப் பேர் வைக்கக் கூடாது."

இன்னும் சில விஷயங்களும் சொன்னேன். இளம் தாய்மார்கள் குறித்துக்கொள்ளுங்கள்:

பிறந்த 21 நாளுக்குள் பிறப்பைப் பதிவு செய்துவிட வேண்டும். பெயர் முடிவாகவில்லை என்று பதிவைத் தள்ளிப்போட வேண்டாம். பெயர் இல்லாமலே பதியலாம். ஒரு வருஷத்துக்குள் கட்டணம் இல்லாமல் பெயரைச் சேர்க்கலாம். அதற்குப் பிறகு, 15 வருஷம் வரைக்கும் தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். ஆகவே பெயருக்காக வீட்டில் சண்டை போட்டு அவசரப்பட வேண்டியதில்லை. ஆற அமர யோசிக்கலாம்.

2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளியில் சேர்ப்பதிலிருந்து வாக்காளர் பட்டியல் வரை பிறப்புச் சான்றிதழே ஆதாரம். அதனால் ஆங்கில எழுத்துக்களை முதலிலேயே முடிவு செய்யுங்கள். ஏகாம்பரத்துக்கு நடுவில் 'கே' போடுவாரும் உண்டு, 'ஜி' போடுவாரும் உண்டு, 'கே'வோடு ஒரு 'எச்' சேர்ப்பாரும் உண்டு. ஒரு காகிதத்தில் ஒன்று, இன்னொன்றில் வேறு என்று ஆனால் அலைச்சல் பிள்ளைக்குத்தான்.

முழுப் பெயர் நீளம் என்று தோன்றினால் ஏகம்பன் என்று வைக்கலாம். அதே சுவாமி, தேவாரக் காலத்துப் பெயர், கூப்பிடவும் சுலபம். பெரியவர்களும் மறுக்க மாட்டார்கள்.

அவள் தலையை ஆட்டிக்கொண்டே போனாள். மறுநாள் அவள் அம்மா வந்து சொன்னார். பெண் மாமியாருக்கு ஃபோன் செய்து, "அத்தை, மாமா பேரையே வைக்கிறேன். ஆனா வாய்விட்டுத்தான் கூப்பிடுவேன். சேட்டை பண்ணினா அதட்டவும் செய்வேன். யாரும் தப்பா எடுத்துக்கக் கூடாது" என்றாளாம். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே இல்லையாம். பிறகு மாமனாரே ஃபோனை வாங்கி, "தாராளமா கூப்பிடும்மா. நீ அவனை அதட்டுறப்போ நான் திரும்பிப் பார்க்காம இருக்கப் பழகிக்கிறேன்" என்று சொல்லிச் சிரித்தாராம்.

வருகிற வெள்ளிக்கிழமை தொட்டில். எங்கள் தெருவில் மறுபடியும் ஒரு சின்ன ஏகாம்பரம் வரப் போகிறான். உங்கள் வீட்டிலும் இப்படி வைத்தும் கூப்பிடாத பெயர் ஒன்று இருக்கும். இன்றைக்குச் சாயங்காலம் பிள்ளை வீட்டுக்கு வந்ததும், அந்தப் பெயரைச் சொல்லி ஒரு தரம் கூப்பிட்டுத்தான் பாருங்களேன்.