பழைய சைக்கிளும் புதிய பூச்சும்

1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டு வெளியேறியபோது, எமது மூட்டைகளையும் முதியோரையும் சுமந்தவை சைக்கிள்களே. அவை கறள் பிடித்துவிட்டன என்று பழைய இரும்புக்காரருக்குக் கொடுத்துவிடுகிறோம். அது சரியல்ல என்பதே எமது கருத்து. வெடிப்பில்லாத உருக்குப் பிறேம் இன்னும் பல ஆண்டு உழைக்கும்.

ஆனால், கறளின் மேலேயே பெயின்ற் பூசுவது வீண்செலவு. உள்ளே அரிப்புத் தொடரும். கம்பித் தூரிகையாலும் அரத்தாளாலும் உருக்குத் தெரியும்வரை தேய்க்க வேண்டும். பழைய பெயின்றில் ஈயம் இருக்கலாம். ஆகவே, தூசி பறக்காதபடி நனைத்துத் தேய்ப்போம், பிள்ளைகளை அண்டவிடாதிருப்போம். குழாய்கள் கூடும் மூட்டுகளில் வெடிப்பு உண்டா என்றும் பார்ப்போம். வெடித்த பிறேமைப் பெயின்றால் மறைத்துப் பாரம் ஏற்றுவது ஆபத்து. உடனே துடைத்து, நன்றாக உலர்ந்தபின் கறள் தடுப்புப் பூச்சு ஒரு முறையும், எனாமல் மெல்லியதாக இரு முறையும் பூசினால் போதும்.

பிறேமில் பொறித்துள்ள இலக்கத்தை மட்டும் தேய்த்து அழிக்க வேண்டாம்; பெயின்றால் நிரப்பவும் வேண்டாம். இடம்பெயர்வுகளில் எத்தனையோ பத்திரங்களை இழந்த எமக்கு, 'இது எம்முடையது' என்று காட்ட அதுவும் ஒரு சான்று.