சோற்றுக்குப் பதில் சப்பாத்தி சாப்பிட்டும் எடை குறையவில்லையா? கணக்கு இடிக்கும் இடம் இதுதான்

மூன்று மாதமாக ராத்திரி சோறு கிடையாது, சப்பாத்திதான். காலையில் ராகி தோசை, சாயங்காலம் டீக்கு மல்டிகிரெய்ன் பிஸ்கட். இவ்வளவு செய்தும் வெயிட் மெஷினில் நம்பர் மாறவே இல்லை என்றால், நீங்கள் தானியத்தை மட்டும்தான் மாற்றியிருக்கிறீர்கள். அளவும், கூட என்ன சாப்பிடுகிறீர்கள் என்பதும் பழையபடியே இருக்கிறது.

2025-ல் 'நேச்சர் மெடிசின்' இதழில் ஐ.சி.எம்.ஆர்-இந்தியாப் ஆய்வின் உணவுப் பகுதி வெளியானது. இந்தியர்களின் அன்றாடக் கலோரியில் ஏறக்குறைய 62 சதவீதம் கார்போஹைட்ரேட்டில் இருந்து வருகிறது என்றது அது. வெள்ளை அரிசி, அரைத்த தானிய மாவு, சர்க்கரைதான் இதில் பெரும்பங்கு. அரிசியை எடுத்துவிட்டு அதே அளவுக்கு கோதுமை மாவோ சிறுதானிய மாவோ சேர்த்தால் சர்க்கரை நோய் அபாயம் குறைவதாகத் தெரியவில்லை. கார்போஹைட்ரேட்டில் இருந்து வரும் கலோரியில் வெறும் 5 சதவீதத்தை பருப்பு, பால், முட்டை, மீன் போன்றவற்றின் புரதத்துக்கு மாற்றியபோதுதான் வித்தியாசம் தெரிந்தது.

இது சர்க்கரை நோயைப் பற்றிய கணக்கு. எடையைப் பற்றி நேரடியாகச் சொல்லவில்லை. மக்களிடம் ஒரு காலகட்டத்தில் எடுத்த சர்வே என்பதால், இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்லவும் முடியாது. ஆனால் எடை விஷயத்திலும் இதே திசையில் சான்று இருக்கிறது. அமெரிக்காவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2023-ல் 'பி.எம்.ஜே' இதழில் வந்த ஆய்வு அது. மாவுச்சத்தும் சேர்க்கப்பட்ட சர்க்கரையும் கூடக் கூட எடை ஏறியது. நார்ச்சத்து கூடியவர்களுக்கு எடை ஏறுவது குறைந்தது.

அப்போ சிறுதானியம் வேஸ்ட்டா?

இல்லை. முழுதாக வேகவைத்த சாமையும், நைஸாக அரைத்த ராகி மாவில் சர்க்கரை சேர்த்துச் செய்த குக்கியும் ஒன்றல்ல, அவ்வளவுதான். தானியத்தை எவ்வளவு நைஸாக அரைக்கிறோமோ அவ்வளவு வேகமாக அது செரித்துவிடும்; சீக்கிரமே மறுபடி பசிக்கும். பாக்கெட்டின் முன்பக்கம் ராகி படம் இருக்கும். பின்பக்கம் திருப்பிப் பாருங்கள், பல பிராண்டுகளில் முதலில் எழுதியிருப்பது மைதாவாக இருக்கும்.

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் ஒரு நாளைக்கான மாதிரித் தட்டு ஒன்றைக் கொடுத்தது. 2,000 கலோரிக்கு தானியம் 250 கிராம், பருப்பு அல்லது முட்டை, இறைச்சி 85 கிராம், காய்கறி 400 கிராம். சமைப்பதற்கு முந்தைய எடை இது. எடை குறைக்க நினைப்பவர்களில் பலருக்கு 2,000 கலோரியே அதிகம். உங்கள் ஆபீஸ் கேன்டீன் தட்டை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு மலை சோறு, தண்ணியா சாம்பார், ஓரத்தில் ரெண்டு ஸ்பூன் பொரியல். குர்கானில் பி.ஜி-யில் இருப்பவருக்கு சோற்றுக்குப் பதில் ரொட்டி, சாம்பாருக்குப் பதில் தால். தண்ணி மட்டும் அதே தண்ணிதான்!

இதற்கு உங்களை மட்டும் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை. சுமார் 80 கோடிப் பேருக்கு ரேஷனில் மத்திய அரசு இலவசமாகத் தருவது பெரும்பாலும் அரிசியும் கோதுமையும்தான். கொள்முதலும் இந்த இரண்டைச் சுற்றியே அதிகம் நடக்கிறது. வயிறு நிரம்ப மலிவான வழி தானியம். புரதத்துக்கும் காய்கறிக்கும் காசு தனி. கேன்டீன் கான்ட்ராக்டரும் அந்தக் கணக்கில்தான் தட்டை நிரப்புகிறார்.

எண்ணெய்: 'நல்லது' என்றால் எவ்வளவு வேணா ஊத்தலாமா?

பலர் சறுக்குவது இங்கேதான். கடலை எண்ணெய், ஆலிவ் ஆயில், செக்கு நல்லெண்ணெய், எதுவாக இருந்தாலும் ஒரு டேபிள்ஸ்பூன் சுமார் 120 கலோரி. எண்ணெய் தடவாத ஒரு சப்பாத்தியைவிட இது கொஞ்சம் அதிகம். நெய், தேங்காய் எண்ணெய், பாமாயில் ஆகியவற்றில் நிறைவுற்ற கொழுப்பு அதிகம். அதைக் குறைத்து கடலை, கடுகு எண்ணெய்க்கு மாறினால் கொழுப்பின் தரம் மாறும், கெட்ட கொலஸ்ட்ரால் குறையும். எடைக் கணக்கில் ஒரு கலோரிகூடக் குறையாது.

அதே மாதிரித் தட்டில் எண்ணெய்க்கு ஒதுக்கியது நாளுக்கு 27 கிராம். வீட்டில் இரண்டு பேர் என்றால் மாதத்துக்கு ஒன்றேமுக்கால் லிட்டர் வரும். வெளியில் சாப்பிடும் வடை, பிரியாணி, பட்டர் மசாலா எல்லாம் இதற்குள்ளேயே அடங்க வேண்டும். இந்த மாசம் எத்தனை பாக்கெட் வாங்கினீர்கள் என்று ஆர்டர் ஹிஸ்டரியில் பாருங்கள், பதில் அங்கேயே இருக்கும்.

மதியச் சாப்பாட்டில் சோற்றை மூன்றில் ஒரு பங்கு குறைத்து, அந்த இடத்தில் சுண்டலோ, ரெண்டு முட்டையோ, ஒரு கப் தயிரோ வையுங்கள். சுகருக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மட்டும் சோற்றைக் குறைப்பதற்கு முன் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். டோஸை மாற்ற வேண்டியிருக்கலாம்.