ஆதம் ஸ்மித் யார் பக்கம்?

ஆதம் ஸ்மித் என்றதும், "முதலாளிகளின் வக்கீல்!" என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. "சர்க்கார் தலையிடாதிருந்தால் எல்லாம் சுபிட்சம் என்று சொன்ன மேதை" என்று புகழ்பவர்களும் உண்டு. இரு சாராரும் அவரைப் பாதிதான் படித்திருக்கிறார்கள்.

1723-ல் ஸ்காட்லாந்தில் பிறந்த ஸ்மித், கிளாஸ்கோ சர்வகலாசாலையில் ஒழுக்க தத்துவம் போதித்தவர். 1759-ல் வந்த அவரது முதல் நூல், மனிதன் பிறர் துயரில் எப்படிப் பங்கு கொள்கிறான் என்று ஆராய்ந்தது. 'தேசங்களின் செல்வம்' 1776-ல்தான் வெளியாயிற்று.

தளைகளின் விரோதி

ஏழு வருஷம் தொழில் பழகினால்தான் கைத்தொழில் செய்யலாம் என்ற விதியை அதில் அவர் சாடினார். பிழைப்புத் தேடி வேற்றூர் போகும் ஏழையைத் துரத்தும் சட்டத்தைக் கண்டித்தார். கூலி உயர்வுக்காகத் தொழிலாளர் கூடினால் பாய்கிற சட்டம், கூலியைக் குறைக்க முதலாளிகள் ரகசியமாகக் கூடும்போது கண்ணை மூடிக்கொள்கிறதே என்று எடுத்துக் காட்டினார். முதலாளிகளின் வக்கீல் பேசும் பேச்சா இது?

நிதானத்தின் நண்பர்

அதே ஸ்மித் இன்னொன்றும் சொன்னார். அந்நியச் சரக்குக்கு விதித்த தடையை நம்பி ஏராளமானோர் பிழைத்து வந்தால், அதை ஒரே நாளில் நீக்கலாகாது. படிப்படியாகவே தளர்த்த வேண்டும். இல்லாவிட்டால் ஆயிரக்கணக்கானோரின் சோற்றில் மண் விழும் என்றார். 1790-ல், தாம் காலமான ஆண்டில், முதல் நூலைத் திருத்தி வெளியிட்டபோது, மனிதர்களைச் சதுரங்கக் காய்களாக நினைத்து நகர்த்தும் கொள்கைப் பித்தர்களைப் பற்றி எச்சரித்தார்.

அவருடைய நண்பர் எட்மண்ட் பர்க்கைப் பாருங்கள். பிரெஞ்சுப் புரட்சியை எதிர்த்துப் பழமைக்காக வாதாடியவர் அவர். ஆனால் 1795-ல் தானிய விலை ஏறி ஏழைகள் தவித்தபோது, கூலி விஷயத்தில் சர்க்கார் தலையிடவே கூடாது என்று பிடிவாதமாக எழுதினார். பழமைவாதி சந்தைக்குக் கொஞ்சமும் கடிவாளம் வேண்டாம் என்றார். சுதந்திரவாதி அவசரம் வேண்டாம் என்றார்!

ஆகவே, 'புதுமையா, பழமையா?' என்ற கேள்வி மட்டும் போதாது. மாறுதலின் சுமை யார் தலையில் விழுகிறது என்றும் கேட்க வேண்டும். சுங்கவரியை ஏற்று என்பவரும் நீக்கு என்பவரும் இன்றும் மோதுகிறார்கள். பட்டறையில் நிற்கும் தொழிலாளியை நினைத்துப் பார்த்துவிட்டுப் பேசுகிறவர் எவரோ, அவரே ஸ்மித்தின் உண்மையான சீடர்.